ஃபுஜி மலைக்குக் கீழே ஒரு பாதாளம்!

டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் மிஷிமா. அங்கே உள்ளூர் ரயிலுக்கு மாறினால், சில நிமிடங்களில் நுமாஸு வந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் ஊருக்குப் பின்னால் ஃபுஜி மலை தெரியும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறார்கள். ஆனால், இந்த ஊரின் விசேஷம் கீழே இருக்கிறது.

ஊருக்கு முன்னால் விரிந்திருக்கும் சுருகா விரிகுடாதான் ஜப்பானிலேயே ஆழமானது. சுமார் 2,500 மீட்டர். பூமியின் ஒரு பாறைத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடம் என்பதால், கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல்தரை சரசரவென இறங்கிவிடுகிறது. 200 மீட்டருக்குக் கீழே போனால் ஆழ்கடல் என்பது கணக்கு. இங்கே மீனவர்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி.

அதனால் பயமும் இல்லை. ஆழ்கடல் என்றாலே கோரைப்பல், முழிக்கண், பேய் முகம் என்றுதான் உலகம் நினைக்கிறது. நுமாஸு துறைமுகத்து உணவகங்களில் அது மதியச் சாப்பாடு. 'மெஹிகாரி' என்று ஒரு சிறிய மீன். பெயருக்கு 'கண் மின்னுவது' என்று அர்த்தம். இருட்டில் வாழ்வதற்கான அந்தப் பெரிய பச்சைக் கண்ணோடு அப்படியே பொரித்துத் தட்டில் வைத்துவிடுகிறார்கள்.

இதே நகரத்தைச் சேர்ந்த ஹெடா என்ற சிறு துறைமுகம் சிலந்தி நண்டுக்குப் பேர்போனது. கால்களை விரித்தால் மூன்றரை மீட்டரையும் தாண்டக்கூடிய ராட்சத நண்டு. சாப்பிட்டு முடித்ததும் ஓட்டை வீசுவதில்லை. அதில் பூத முகம் வரைந்து வாசலில் மாட்டும் வழக்கம் உண்டு. நம் ஊர் திருஷ்டி பொம்மை வேலையை அங்கே நண்டு பார்க்கிறது!

துறைமுகத்திலேயே 2011-ல் திறந்த ஆழ்கடல் மீன் காட்சியகம் இருக்கிறது. டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக நம்பப்பட்டு, 1938-ல் தென்னாப்பிரிக்காவில் வலையில் சிக்கி எல்லோரையும் திகைக்கவைத்த சீலகாந்த் மீனை இங்கே உறைநிலையில் வைத்திருக்கிறார்கள். அது சுருகாவின் மீன் இல்லை, வெளியூர் விருந்தாளி.

ஆனால், கூட்டத்தின் செல்லம் 'மெண்டாகோ'தான். கையில் அடங்கும் ஆக்டோபஸ். தலையில் காது மாதிரி இரண்டு துடுப்புகள். தண்ணீருக்குள் குட்டிக் குடைபோல மிதக்கும். வெளியே எடுத்தால் கூழாகத் தட்டையாகிவிடும். உயிரோடு பார்ப்பது அதிர்ஷ்டம். இழுவலையில் சிக்கி மேலே வரும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. தொட்டிக்கு வந்தாலும் பெரும்பாலானவை சில நாள்களே தாங்குகின்றன.

2013-ல் 'உலகின் அவலட்சணமான விலங்கு' என்று வாக்களித்துப் பட்டம் கொடுத்தார்களே, ஆஸ்திரேலியப் பக்கத்து பிளாப் மீன்... அதற்கும் நடந்தது இதுதான். அதன் உடம்பு கொழகொழவென்றுதான் இருக்கும். கீழே சுற்றிலும் உள்ள தண்ணீரே அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அங்கே அது சாதாரண மீன் உருவம்தான். இணையத்தில் எல்லோரும் சிரித்த அந்தத் தொங்கிய மூக்கு, மேலே இழுத்து வந்தபோது சிதைந்துபோன உடம்பு. விபத்தில் அடிபட்டவரைப் படம் எடுத்து, 'இவர் முகமே இப்படித்தான்' என்று சொல்வதற்குச் சமம்.

நிறமும் அப்படித்தான். சிவப்பு ஒளி அந்த ஆழத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மீன் தட்டில் ரத்தச் சிவப்பாக மிரட்டும் உயிர்கள், அங்கே இருட்டோடு இருட்டாக ஒளிந்துகொள்கின்றன. பளிச்சென்று காட்டுவது நம் விளக்குகள்தான்.

ஹெடாவின் இழுவலைப் படகுகள் செப்டம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரைதான் போகும். மெண்டாகோவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குளிர்காலத்தில் போவது நல்லது. அப்போதும் தொட்டி காலியாக இருக்கலாம். காட்சியகக் கடையில் அதன் பஞ்சுப் பொம்மை மட்டும் எல்லா சீசனிலும் கிடைக்கும்.