கறைபடாத மண் ஒரு பொட்டலம்

பேப்பரில் கொலைச் செய்தி வரும் நாளெல்லாம் புதுச்சத்திரம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "தூக்குல போடாம என்னங்க சார் விசாரணை?" முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் நான்.

கொலை நடந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல மகஜர் எழுதுவது ரைட்டர்தான். கிணற்று மேட்டிலிருந்து அரிவாள் எத்தனை அடி, தெருவிளக்கு எரிந்ததா, எந்தப் பக்கம். ரத்தக்கறை மண் ஒரு பொட்டலம், ஒப்பிட்டுப் பார்க்கக் கறைபடாத மண் இன்னொன்று. கடைசியில் வி.ஏ.ஓ. கையெழுத்து. ஒரு கேஸில், விடியற்கால அவசரத்தில், கைப்பற்றிய லுங்கி நீலம். நான் எழுதியது பச்சை. கறைபடாத மண்ணை எடுக்கவே இல்லை. சாட்சிகளும் பிறழ்ந்துவிட, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு லுங்கி பற்றிய அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூன்று பேரும் விடுதலை. கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் செத்தவனின் அம்மா, "என்னங்கய்யா ஆச்சு?" என்று கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை.

தூக்கு விதித்தாலே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. 2000 பிப்ரவரி 2 அன்று தர்மபுரியில் பஸ்ஸோடு எரிக்கப்பட்ட மூன்று மாணவிகளில் கோகிலவாணி நாமக்கல் பெண். 2007-ல் சேலம் நீதிமன்றம் குற்றவாளிகள் மூவருக்குத் தூக்கு விதித்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மூவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

கோகுல்ராஜ் கொலை வழக்கில் யாருக்கும் தூக்கு இல்லை. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டவர், மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முக்கிய சாட்சியே பிறழ்ந்தார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் முக்கியக் குற்றவாளி யுவராஜுக்குச் சாகும்வரை சிறை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அந்தக் கோயிலுக்கே வந்து இடத்தைப் பார்த்தார்கள். 2023 ஜூன் 2-ல் யுவராஜின் தண்டனை உறுதியானது.

கொடூரக் கொலைக்கு அந்தத் தண்டனைதான் சரி: உயிர் உள்ளவரை, சலுகை விடுதலை இல்லாத சிறை. நீலத்தைப் பச்சை என்று எழுதிய கை என்னுடையது. அப்படி ஒரு கை எழுதிய காகிதத்தை நம்பி யார் கழுத்திலும் கயிறு ஏறக் கூடாது. அதே காகிதத்தின் பிழையால் கொலைகாரன் வீட்டுக்குப் போகவும் கூடாது.

இப்போது ஸ்டேஷனில் எழுதுகிற தம்பிகளே, தங்கச்சிகளே, எவ்வளவு அவசரமானாலும் லுங்கியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எழுதுங்கள். கறைபடாத மண்ணிலும் ஒரு பொட்டலம் எடுங்கள்.