இறங்கிப் போய்ப் பார்

கிடங்கின் உயரமான ரேக்குகளில் பாரம் வைக்கும் ரீச் டிரக்கை ஓட்ட மூன்றே நாளில் பயிற்சி, கையோடு சான்றிதழ், வெளிநாட்டில் வேலை என்று தஞ்சாவூர் பக்கம் இப்போது சுவரொட்டி ஒட்டுகிறார்கள். எங்கள் ஒரத்தநாடு வட்டாரத்துப் பையன்கள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டி, விமான டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகு, பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தான். "நீ ஓட்டின வண்டியோட லோடு பிளேட்ல என்னப்பா போட்டிருந்துச்சு?" என்று கேட்டேன். "கம்பெனி பேரு போட்டிருந்துச்சு பெரியப்பா" என்றான்.

எந்த உயரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்லும் தகடு அது. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிக்கொடுத்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள்மேல் இருக்கிறது. சிங்கப்பூர் ஜூரோங்கிலும், பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிடங்குகளிலும் இந்த வண்டியில் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது. ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்ட என்னை இதை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

பாரம் அடுக்குவது எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகமே தஞ்சாவூரில்தான் அமைந்தது. என் அப்பா நெல் கிடங்கில் லோடுமேன். அட்டி போடுவதில் கைதேர்ந்தவர். அடியில் மரச்சட்டம், அதன்மேல் மூட்டை. ஒரு வரிசை நீளவாக்கில் போனால் அடுத்த வரிசை குறுக்குவாக்கில் போக வேண்டும். ஓர மூட்டைகளின் வாய் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். சுவருக்கும் அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விட வேண்டும். இதில் எது தப்பினாலும் அட்டி வயிறு தள்ளும், பிறகு ஒருநாள் சரியும். சம்பா அறுவடையாகி, கொள்முதல் நிலையங்களிலிருந்து லாரி லாரியாக நெல் வந்து இறங்கும் மாசி மாதத்தில் அப்பாவின் தோளில் தோல் உரிந்திருக்கும். அந்த நெருக்கடியிலும் கோணல் அட்டியை விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

மூட்டைமேல் மூட்டையாக நிற்கும் அட்டிக்கு ரேக் தேவையில்லை. ரேக் இல்லாத இடத்தில் ரீச் டிரக்குக்கும் வேலையில்லை. அதன் சக்கரங்கள் சின்னவை, வழவழப்பான சமதரைக்கென்று செய்தவை. கொள்முதல் நிலையத்து மண் களத்தில் இறக்கினால் அப்படியே புதைந்து நின்றுவிடும். அதனால் ஊரில் இருந்தவரை நான் இந்த வண்டியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காத வருடங்களில் குறுவை போய், வயல் வேலையும் கிடங்கு வேலையும் சேர்ந்தே படுத்துவிடும். அப்படி வெளியே கிளம்பிய டெல்டாக்காரர்களில் நானும் ஒருவன்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்தவனுக்கு ரீச் டிரக் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. இதில் முன்னால் இரண்டு கால்கள் நீண்டிருக்கும். பாரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைத் தூக்கி இறக்கும் தூணான மாஸ்ட் அவற்றுக்கு நடுவே முன்னும் பின்னும் போய்வரும். பாரத்தைக் காலுக்கு மேல் தூக்கி உள்ளே இழுத்துக்கொண்டால் எடை சக்கரங்களுக்குள் அடங்கிவிடும். மூன்று மீட்டர்கூட இல்லாத சந்தில் இது திரும்புவது அதனால்தான். மாஸ்டை நீட்டிய நொடியில் அந்தக் கணக்கு மாறிவிடும். ரேக்குக்கு நேரே நின்ற பிறகுதான் நீட்ட வேண்டும். நீட்டிய மாஸ்டோடு ஓர் அடிகூட நகரக் கூடாது. இருக்கையோ பக்கவாட்டில் இருக்கிறது. வண்டி போகும் திசைக்குத் தோளைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் போகும் என்பதுகூட எல்லா வண்டியிலும் ஒன்றுபோல இருக்காது.

லோடு பிளேட்டில் 1,600 கிலோ என்று போட்டிருப்பதை மட்டும் படித்துவிட்டுப் பாரம் தூக்குகிறவர்கள் உண்டு. பாரத்தின் நடுப்பகுதி ஃபோர்க்கின் அடியிலிருந்து 600 மில்லிமீட்டரில் இருந்தால், அதுவும் ஓர் உயரம் வரைக்கும்தான் அந்தக் கணக்கு. உயரம் ஏற ஏற, தூக்கக்கூடிய எடை இறங்கிக்கொண்டே வரும். பத்து மீட்டரில் ஆயிரம் கிலோ என்று தகடு சொன்னால் ஆயிரம்தான். நம் அரிசி மூட்டை 50 கிலோ. இருபது மூட்டை ஒரு டன். தரையில் அந்த வண்டிக்கு இருபத்தைந்து மூட்டையும் பெரிய விஷயமில்லை. மேலே இருபத்தோராவது மூட்டை ஆளைக் கொன்றுவிடும்.

இவ்வளவும் உட்கார்ந்து படித்தால் மண்டையில் ஏறிவிடும். ரேக்கின் மேல் குறுக்குச்சட்டத்தில், அதாவது மேல் பீமில், பாரத்தை வைப்பது மட்டும் படித்து வராது. என்னை உலுக்கியது அந்த ஒன்றுதான்.

தரையில் உட்கார்ந்து கழுத்தை அண்ணாந்தால் ஒன்பது மீட்டர் உயரத்தில், பாரம் அடுக்கிய தட்டான பேலட்டின் அடிப்பலகை தெரியும், இரண்டு ஃபோர்க் தெரியும். பேலட் பீமுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியவே தெரியாது. அந்த உயரத்தில் மாஸ்ட் காற்றில் நிற்கும் கமுகு மரம் மாதிரி ஆடும். பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகப் போட்டால் நுனியில் ஒரு சாண் ஆட்டம் காட்டும். அதோடு, ரேக்குகள் பெரும்பாலும் முதுகோடு முதுகாக நிற்கும். நாம் வைக்கும் பேலட்டுக்குப் பின்னால் அடுத்த சந்துக்காரனின் பேலட் இருக்கிறது. 1,200-க்கு 1,000 மில்லிமீட்டர் பேலட்டை நீளப் பக்கத்திலிருந்து எடுத்தால் ஆழம் 1,000தான், ஃபோர்க் 1,150. நுனி பேலட்டைத் தாண்டி அரை அடி வெளியே நிற்கும். அதைக் கவனிக்காமல் உள்ளே செலுத்தினால் பின்னால் இருக்கும் பேலட்டை அந்தப் பக்கத்துச் சந்தில் தள்ளிவிடுவோம். அங்கே யார் நடந்து போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். கிடங்கில் தமிழர், மலாய்க்காரர், வங்காளி எல்லாருமே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் பல வாரம் அவர் என்னைப் பாரமே தொட விடவில்லை. வெறும் பேலட்தான். அதையும் முதலில் கீழ் பீமில், பிறகு நடு பீமில், கடைசியாக மேலே. ஃபோர்க்கில் பேலட்டின் ஆழம் எதுவரை என்று மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோடு அழிந்தால் அன்றைக்கு முதல் வேலை அதை மறுபடி போடுவதுதான்.

மேலே வைத்துவிட்டு, "சரியா இருக்குண்ணே" என்பேன்.

"உக்காந்த எடத்துலேர்ந்து சொல்லாத. இறங்கிப் போய்ப் பாரு."

இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. ஃபோர்க்கை முழுதாக வெளியே எடுத்து, மாஸ்டை உள்ளே இழுத்து, ஃபோர்க்கைத் தரையில் படிய இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். பயிற்சி நடக்கும்வரை பின்பக்கச் சந்தின் இரு முனையிலும் சங்கிலி கட்டி வைத்திருப்பார். நான் சுற்றிக்கொண்டு அங்கே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். பேலட் முன்னும் பின்னும் பீமைத் தாண்டி ஒரே அளவு நீண்டிருக்க வேண்டும். எங்கள் ரேக்கில் அது நாலு விரல். முன்னால் ஆறு விரலும் பின்னால் இரண்டு விரலுமாக இருந்தால் திரும்பி வந்து, எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். அந்தப் பெரிய கிடங்கில் ஒரு சந்திலிருந்து பக்கத்துச் சந்துக்குப் போவதே நீண்ட நடை. நடக்க விட்டுத்தான் அவர் கற்றுக்கொடுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது எது, உண்மையில் மேலே இருப்பது எது என்ற இரண்டையும் கால் வலிக்க ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் கண் பழகுகிறது. வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது காத்திருப்பது. மேலே தூக்கியதும் கை லீவருக்குப் போகும். "நில்லு. மாஸ்ட் நிக்கட்டும்" என்பார். ஆட்டம் அடங்கும்வரை கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார். பிறகுதான் நீட்ட வேண்டும். நேராக இருக்கிறதா பார்த்து, பீமில் உட்காரும்வரை இறக்க வேண்டும். ஃபோர்க் பேலட்டைவிட்டு விலகியதும் இறக்குவதை நிறுத்தி, மேலேயும் கீழேயும் உரசாமல் வெளியே எடுக்க வேண்டும். ஒருமுறை லாரிகள் வரிசையில் நிற்கின்றன என்று ஷிஃப்ட் சூப்பர்வைசர் சத்தம் போட்டபோது வாத்தியார் என் வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் நீட்டினார். "அவசரம்னா நீங்களே வந்து வைங்க சார்" என்றார். சூப்பர்வைசர் சாவியை வாங்கவில்லை. தொழில் தெரிந்தவனுக்கு இருந்த மரியாதை அது.

ஹாரனைப் பற்றியும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. சந்து முனையில் ஹாரன் அடித்துவிட்டால் வழி நமக்குச் சொந்தமாகிவிடாது. எதிரே வரும் ஆள் நம்மைப் பார்த்தானா என்று அவன் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் வண்டி நிற்க வேண்டும். அவர் வாயால் என்னைப் பாராட்டியதே இல்லை. ஒருநாள் 'இறங்கிப் போய்ப் பார்' என்று சொல்வதை நிறுத்திவிட்டார். அதன் பிறகும் சந்தேகம் வந்தபோதெல்லாம் நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெறும் நாள்வரை பார்த்தேன்.

ஊர் திரும்பியபின் கண்ணில் பட்டவற்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒரு கிடங்கில், தூக்கிய ஃபோர்க்கில் வெறும் பேலட்டைச் செருகி அதன்மேல் ஒரு பையனை நிற்க வைத்து பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. ரேக்கின் செங்குத்துத் தூண் ஒன்று வண்டி இடித்து முழங்கால் உயரத்தில் வளைந்திருந்தது; அதன்மேல் பாரம் அப்படியே நின்றது. ஒரு தூண் மடங்கினால் பீம் கழன்று பக்கத்து ரேக்கையும் இழுத்துக்கொண்டு போகும். நான் பொறுப்பில் இருந்த இடத்தில் வளைந்த தூணுக்கு இரு பக்கமும் உடனே காலி செய்திருப்போம். பேட்டரி சார்ஜ் ஏறுகிற மூலையில் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கிளம்புகிறது, ஒரு பொறி போதும் என்பது அங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நான் சொல்லப் போனபோது, "பெரியவரே, இது சிங்கப்பூர் இல்ல" என்றார்கள். ஒரு டன் பாரம் சிங்கப்பூரில் விழுந்தாலும் தஞ்சாவூரில் விழுந்தாலும் ஒரே வேகத்தில்தான் விழும்.

இப்போது வரும் வண்டிகளில் ஃபோர்க் நுனியில் கேமரா இருக்கிறது. எந்தத் தட்டு என்று எண்ணை அழுத்தினால் அந்த உயரத்தில் தானே நிற்கிறது. நல்ல வசதிதான், நானும் ஓட்டியிருக்கிறேன். ஆனால் கேமரா பேலட்டின் முன்முகத்தைக் காட்டும். பின்னால் அடுத்தவன் பேலட்டுக்கு எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று காட்டாது. திரையை மட்டும் பார்த்துப் பழகிய பையன்கள் கண்ணாடியில் தூசு படிந்த அன்றைக்குத் திகைத்துப்போய் நிற்கிறார்கள். அப்படித் திகைத்து நிற்கிறவன்கூடப் பரவாயில்லை. திகைக்காமல் வைத்துவிட்டுப் போகிறவனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அவனைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேலட் என்று எண்ணி மார்க் போடுகிறார்கள். எப்படி வைத்தான் என்று இறங்கிப் போய்ப் பார்க்க யாரும் இல்லை.

சிங்கப்பூரில் 2006-ல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. பயிற்சி பெறாதவனை ஃபோர்க்லிஃப்டில் உட்கார வைக்க அங்கே முடியாது. அமெரிக்க விதி, ஓட்டப்போகும் வண்டியின் வகைக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் ஏற்பப் பயிற்சி வேண்டும் என்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓட்டுநரை மறுபடி மதிப்பிடச் சொல்கிறது. விபத்து நேர்ந்தாலும், நூலிழையில் தப்பினாலும், மறுபயிற்சி. இங்கே ஒரு பழைய ஃபோர்க்லிஃப்டை வெட்டவெளியில் ஓட்டிக் காட்டி, ரீச் டிரக் ஆபரேட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். பாரம் ஏற்றிய கப்பலையும் கரையோரப் பரிசலையும் ஒரே உரிமத்தில் ஓட்ட யாரும் விடுவதில்லை. கிடங்கு என்றால் மட்டும் எதுவும் செல்லும் என்று நினைக்கிறார்கள்.

பணம் கட்டப் போகும் பையன்களும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் இவற்றைக் கேளுங்கள். பயிற்சி கொடுக்கும் இடத்தில் ரீச் டிரக் இருக்கிறதா? ரேக் எத்தனை மீட்டர் உயரம்? மேல் பீமில் பாரத்தோடு வைக்க விடுவார்களா? வண்டி சாய்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார்களா? உட்கார்ந்து ஓட்டும் வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது. குதிப்பவன்மேல்தான் மேல்கூண்டு விழும். பின்பக்கம் திறந்த, நின்று ஓட்டும் வண்டி என்றால் பின்னால் அடி வைத்து விலக வேண்டும். இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவரிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

ஒரத்தநாட்டிலோ தஞ்சாவூரிலோ யாராவது ஒரு ரேக்கும் ஓடுகிற வண்டி ஒன்றும் நிறுத்தி முறையாகச் சொல்லித்தர முன்வந்தால் நான் வந்து நிற்கிறேன், சம்பளம் வேண்டாம். முதல் சில வாரங்கள் யாரும் பாரம் தூக்கக் கூடாது, வெறும் பேலட்தான். அதற்கு ஒப்புக்கொள்கிறவர்கள் சொல்லி அனுப்புங்கள்.