கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

மதுரைக்காரர்களுக்குப் பொறுக்கி எடுக்கும் வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மல்லிகை அரும்பைக் கையில் வாங்கியதுமே அது இரவு வரையில் தாங்குமா, வீட்டுக்குப் போவதற்குள் வாய் திறந்துவிடுமா என்று சொல்லிவிடுவார்கள். சுங்குடிப் புடவையின் புள்ளியை விரலால் தடவிப் பார்த்து, அது கையால் கட்டிய முடிச்சா, அச்சில் குத்தியதா என்று தீர்ப்புக் கூறுவார்கள். வெண்கலப் பாத்திரமானால் சுண்டிப் பார்ப்பார்கள்; கத்தரிக்காயானால் காம்பைப் பார்ப்பார்கள். ஆனால் ஒரு கைத்துப்பாக்கியைப் பொறுக்க வேண்டுமென்றால் எதைத் தடவுவது, எதைச் சுண்டுவது? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவர் என் தாய்மாமா.

மாமாவுக்கு வீடு மதுரை நகரில். மாந்தோப்பு பேரையூர் தாலுகாவில், சாப்டூருக்கு அப்பால் மலையடிவாரத்தில். சதுரகிரிக்கு யாத்திரை போகிறவர்கள் அந்த மலைத் தொடரை நன்றாக அறிவார்கள். தோப்பைக் காப்பவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். சென்ற கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் அவர் குடிசையை விட்டு வெளியே போனபோது, வாய்க்கால் கரையில் யாரோ துருத்தி ஊதுவதுபோல் சப்தம் கேட்டது. பத்தடி முன்னால் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கரடி கரையான் புற்றில் முகத்தைப் புதைத்து உறிஞ்சிக் கொண்டிருந்தது. நல்ல வேளையாகக் காற்று கரடியிடமிருந்து அவர் பக்கம் வீசியது. திரும்பிப் பார்க்காமல், ஓடாமல், பின்னாலேயே அடியெடுத்து வைத்துக் குடிசைக்கு வந்து சேர்ந்தார்.

இந்தச் சமாசாரம் ஒரு வாரம் கழித்து மதுரைக்கு எட்டியது. மாமா உடனே முடிவு கட்டிவிட்டார். "மாப்பிள்ளை! ஒரு ரிவால்வர் வாங்கிவிட வேண்டியதுதான். எது நல்லது என்று நீ படித்துப் பார்த்துச் சொல்லு" என்றார்.

நேயர்கள் சிரிக்க வேண்டாம். மாமாவின் பயம் வீண் பயமன்று. தென்காசி ஜில்லாவில் கடையத்துக்கு அருகே 2022-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், மோட்டார் சைக்கிளில் மசாலாச் சாமான் விற்கப் போன ஒருவர்மேல் கரடி பாய்ந்து கீழே தள்ளிக் கடித்தது. அவரைக் காப்பாற்ற ஓடி வந்த இருவருடைய முகங்களையும் கிழித்துவிட்டது. வனத்துறையார் மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். எங்கள் மாமா அதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி வந்தார்.

பயம் ஒரு பக்கம் இருக்க, அவருடைய ஆசைக்கு வேறொரு வேரும் உண்டு. துப்பாக்கி என்றால் அவருக்கு மணியாச்சி ஸ்டேஷன் ஞாபகந்தான். 1911-ஆம் வருஷம் ஜூன் 17-ஆம் தேதி அங்கே ரயில் வண்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல் என்பதைச் சிறு வயதிலேயே அவர் தெரிந்து வைத்திருந்தார். அதற்கும் முன்னால் போனால், நம்முடைய தென் சீமையில் ஆயுதம் பறிபோன கதை பெரியது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் மாதத்தில், பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று சென்னைக் கவர்னர் கிளைவ் பிரகடனம் செய்தார். வளரி எறிவதைச் சின்ன மருதுவிடமே கற்றுக்கொண்டதாகத் தம் புத்தகத்தில் எழுதிய கர்னல் வெல்ஷ், பிற்பாடு அதே மருதுகளை எதிர்த்து நடந்த யுத்தத்தில் சேவை செய்தவர்! 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தேசம் முழுவதற்கும் விலங்கு பூட்டியது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1931-இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. சுதந்திரம் வந்த பிறகு அரசியல் சாசனத்தில் அந்த உரிமை இடம் பெறவில்லை. 1959-ஆம் வருஷத்துப் புதிய சட்டம் கேட்டுப் பெறலாம் என்கிறது. கேட்டால் கிடைத்தே தீரும் என்று சொல்லவில்லை.

மாமா இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, "தாத்தா காலத்தில் பறித்துக்கொண்டு போனதைப் பேரன் காலத்திலாவது ஒன்று வாங்கி வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றே எனக்குப் பட்டது. ஆகையால் நான் சிரத்தையுடனேயே விசாரித்தேன்.

முதலில் கடைச் சரக்கு. நம் தேசத்தில் குடிமகன் ஒருவன் வாங்கக்கூடிய கைத்துப்பாக்கிகளில் பிரதானமானது .32 ரகம். அதாவது ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் 32 பங்கு குழலின் வாய். பட்டாளத்திலும் போலீஸிலும் வழங்கும் 9 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் பிஸ்டல் சாதாரண மனிதருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். வெளிநாட்டிலிருந்து தனி மனிதர் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் வந்த பழைய ஆயுதங்கள் குதிரை விலைக்குக் கைமாறுகின்றன. மிச்சம் இருப்பது பெரும்பாலும் சர்க்கார் தொழிற்சாலைச் சரக்கு. கான்பூரில் ஆறு ரவை போடும் ரிவால்வர் செய்கிறார்கள். 2014-இல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக் கிலோ எடையில் ஒரு ரிவால்வர் வந்தது. அப்போதே அதன் விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். ஆயுதம் வேண்டியிருக்கும் பெண்களில் எத்தனை பேர் அந்தப் பணம் கொடுக்க முடியும் என்று அப்போதே பலர் கேட்டார்கள்.

இனி ரவை. .32 ரிவால்வரின் குண்டு ஏறக்குறைய 6.3 கிராம் எடையுள்ளது. நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும்படி சொன்னால், முக்கால் பவுனுக்குச் சற்று அதிகம். முக்கால் பவுன் ஈயத்தைக் கொண்டு, நூறு கிலோவுக்கு மேல் எடையும் அடர்ந்த சடை மயிரும் உள்ள ஆண் கரடியை, அது பாய்ந்து வரும்போது நிறுத்த வேண்டும்! அமெரிக்காவில் அலாஸ்காப் பிரதேசத்துக் காடுகளில் போகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் .44 மாக்னம் ரிவால்வரின் குண்டு ஏறக்குறைய இரண்டு பவுன்; வேகமும் ஏறக்குறைய இரட்டிப்பு. அங்கே கரடியின் அளவும் வேறு என்பது வாஸ்தவந்தான்.

அந்த அலாஸ்காவிலேயே கரடிக்கும் மனிதருக்கும் நேர்ந்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கைத்துப்பாக்கியால் சுட முடிந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் கரடியைத் தடுத்துவிட்டார்கள் என்று அதில் கண்டிருக்கிறது. இதைப் படித்தவுடன் மாமா துள்ளிக் குதித்தார். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது. ஆயுதம் கையில் இருந்தவர்களில், அதை உபயோகித்தவர்களுக்கும் உபயோகிக்காதவர்களுக்கும் நேர்ந்த காயத்திலும் மரணத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. பலருக்கு எடுக்கவே நேரம் இல்லை. எடுத்தவர்களில் சிலர் பூட்டைத் தள்ளுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அதே ஆராய்ச்சிக்காரர்கள் 2008-இல் மிளகாய்க் காரத்தைப் பீச்சும் குப்பியைப் பற்றி எழுதியபோது, பழுப்புக் கரடிகளை அது நூற்றுக்கு 92 தடவை தடுத்ததாகக் கணக்குக் காட்டினார்கள். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயை அவர்கள் பார்த்ததில்லை போலும்!

நம் ஊர்க் கரடியின் சுபாவத்தை அறிந்தால் இந்த நேர விஷயம் இன்னும் தெளிவாகும். அதற்குக் கண் மந்தம், காதும் அவ்வளவு கூர்மையில்லை. மூக்கு மட்டும் அபாரம். புற்றில் வாய் வைத்து உறிஞ்சும்போது அதன் சப்தம் நூறு கஜத்துக்கு அப்பாலும் கேட்கும். ஆனால் அந்தச் சப்தத்தில் நாம் வருவது அதற்குக் கேட்காது. பத்தடியில் திடீரென்று மனிதனைக் கண்டால், புலியைக் கண்டு பழகிய பிராணியாதலால், ஓடுவதற்குப் பதில் மேலே விழுகிறது. மூன்று நான்கு அங்குல நகங்களால் முகத்தை நாடுகிறது. பத்தடியைக் கடக்க அதற்கு ஒரு வினாடி போதும். அந்த ஒரு வினாடியில் மாமா இடுப்பிலிருந்து ரிவால்வரை உருவி, குறி பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு தாழ்ந்து வரும் கரிய உருவத்தை விடியலின் அரை இருட்டில் சுட வேண்டும். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷந்தான் ஆகிறது. கடையத்தில் நடந்ததுபோல் கரடி ஒரு மனிதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவன் சுடும் குண்டு யார்மேல் படும் என்று யார் சொல்ல முடியும்? எதிரும் புதிருமாக இரண்டு மனிதர் ஓர் அறையில் நிற்கும் தூரத்துக்கென்று பிறந்தது கைத்துப்பாக்கி. மணியாச்சியில் அது போதுமானதாயிருந்தது.

சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருப்பதாகத் தோன்றுகிறது. பயிரைக் காக்க வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியோ, தற்காப்புக்கு இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் துப்பாக்கியோ கேட்டால், ஆட்சேபம் இல்லாத பட்சத்தில் அதிகாரி உரிமம் கொடுக்க வேண்டும். ரிவால்வர் கேட்டால் தக்க காரணம் உண்டென்று அவர் மனத்துக்குப் பட வேண்டும். போலீஸ் விசாரணை, வைத்தியர் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று எல்லாம் வேண்டும். கிடைத்த உரிமம் ஐந்து வருஷத்துக்கு. தேர்தல் வந்தால் துப்பாக்கி பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் குடி போய்விடும். கரடிக்குத் தேர்தல் நடத்தை விதி கிடையாது.

அதோடு தீர்ந்ததா? சாப்டூர்க் காடு 2021-இல் ஏற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழையக் கூடாது. சரணாலயத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்க வேண்டுமானால் தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து வந்து நல்லெண்ணத்துடன் சுட்டால் குற்றமில்லை என்று 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் சொல்கிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது என்று பிறகு விளக்க வேண்டியவர் மாமா. கரடி சாட்சி சொல்ல வராது.

எல்லாவற்றையும் விட என் மனத்தை உறுத்தியது வேறு. ரிவால்வரின் உரிமம் மாமாவின் பெயரில் இருக்கும். ரிவால்வர் மதுரையில் மாமாவின் இரும்பு அலமாரியில் இருக்கும். கரடி வருவதோ தோப்புக்கு. அங்கே இரவெல்லாம் தனியே கிடப்பவர் பெரியவர். அவர் பெயரையும் முறைப்படி அதிகாரியிடம் பதிவு செய்யாமல் அவர் கையில் ஆயுதத்தைக் கொடுப்பது குற்றம்.

ஆகையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தோப்புக்குப் போய்ப் பெரியவரையே கேட்டேன். "ஐயா, துப்பாக்கி எனக்கெதுக்கு? அது என் மேலே விழறதுக்குள்ளே நான் அதுக்குத் தெரியணும். அவ்வளவுதான்" என்றார். அதற்கு அவர் வழி வைத்திருந்தார். நடக்கும்போது தடியால் தரையைத் தட்டுவார்; இருமுவார்; வாய்க்கு வந்ததைப் பாடுவார். உதிர்ந்த பழத்தை மாலைக்குள் பொறுக்கிவிடுவார். அன்றைக்கு ஏன் தட்டாமல் போனீர்கள் என்றேன். சற்றே தயங்கிவிட்டு, "காலைக் கடனுக்குப் போறவன் தப்படிச்சுக்கிட்டா போவான்?" என்றார்.

குடிசைக்குக் கதவு என்று ஒரு தட்டி இருந்தது. விளக்கு இல்லை. கழிப்பிடம் இல்லை, அதற்காகத்தான் அவர் தினந்தோறும் இருட்டோடு இருட்டாக வாய்க்கால் கரைப் புதருக்குள் போய் வந்தார். இருபது வருஷமாகப் போய் வருகிறார். ரிவால்வருக்கென்று மாமா ஒதுக்கி வைத்திருந்த தொகை எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து நான் கண்டதையும் கேட்டதையும் அப்படியே மாமாவிடம் சொன்னேன். வெகு நேரம் அவர் பேசவில்லை. கராச்சித் தீர்மானத்தை மறுபடியும் எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "கதவுக்கு வேம்பு போதுமா, தேக்கு போடலாமா?" என்று கேட்டார். அதன்பிறகு ஒரு வாரம் மரக்கடை மரக்கடையாக அலைந்து, பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உரிமத்துக்கான விண்ணப்பத்தைக் கிழித்துப் போடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

கதவு மாட்டியாகிவிட்டது. சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் சேர்க்கும் விளக்குகள் இரண்டு நட்டிருக்கிறார்கள். கழிப்பிடத்தின் சுவர் மார்பளவு எழும்பியிருக்கிறது. கொத்தனார் சித்திரைத் திருவிழாவுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. தோப்பில் பழம் உதிரத் தொடங்கிவிட்டதாக நேற்றுப் பெரியவர் சொல்லி அனுப்பினார்.