நான் சுந்தரர் வழி

நம்ம ஊரில் பிறந்த சுந்தரரை வளர்த்தது பெற்றவர்கள் இல்லை, நரசிங்க முனையரையர். என்னை வளர்ப்பது எங்க ஆயா. அம்மா, அப்பா பெங்களூரில் கட்டட வேலை.

ஆயா ரொம்பக் கண்டிப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் கோ-கோ பயிற்சிக்கு நிற்கவே கூடாது.

கடவுளிடம் அப்பர் தொண்டராக, சம்பந்தர் மகனாக, சுந்தரர் தோழராக, மாணிக்கவாசகர் ஞானியாகப் பழகினார்கள் என்பார்கள். வீட்டிலும் ஒவ்வொருவர் குணம் ஒவ்வொரு விதம்தான். அக்கா சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். தம்பி அழுதே சாதிப்பான். எனக்கு இரண்டும் வராது.

சிவனே கிழவராக வந்து சுந்தரர் கல்யாணத்தைத் தடுத்தார். சுந்தரர் பயப்படாமல் வாதாடினார். ஆனால் திருவெண்ணெய்நல்லூர் சபையில் கிழவர் காட்டிய ஓலைக்குக் கட்டுப்பட்டார். அப்புறம்தான் தோழமை.

நானும் கேட்டேன்: "ஏன் வேணாங்கற ஆயா? காரணம் சொல்லு."

"இருட்டுல ஏரிக்கரை வழியா வரணும். ஏதாவது ஆச்சின்னா ஒங்கம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

அதுதான் ஆயாவின் ஓலை! மூன்று பேர் சேர்ந்து, ஆறு மணிக்குள் வந்துடுவோம் என்றேன். வெள்ளிக்கிழமை மட்டும் விட்டிருக்கிறது. மற்ற நாளுக்கு இன்னும் வாதாடுகிறேன்.

தோழிகளே, நீங்கள் எந்த வழி?

– 9-ஆம் வகுப்பு மாணவி