மகன் கேட்ட சறுக்குப் பலகை

பிள்ளை ஒரு பொருளைக் கேட்டால் "என்ன விலை?" என்பார் வாப்பா. "ஆபத்தில்லையா?" என்பார் உம்மா. அறுகம்குடாப் பக்கத்துத் தாய்மாருக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்தக் கரையில் கடல் செய்ததைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பொத்துவிலில் இருக்கும் என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. பதின்மூன்று வயது மகன் 'ஸ்கிம்போர்ட்' வேண்டும் என்றபோது அவள் கலங்கிப்போனாள். அவளுக்காக நான் விசாரித்து அறிந்தது உங்களுக்கும் உதவலாம், சகோதரிகளே.

ஆழத்தில் அலைமேல் ஏறிச் செல்லும் நீண்ட பலகை வேறு, இது வேறு. அலை திரும்பும்போது ஈரமணலில் தங்கும் மெல்லிய நீரில் பலகையை வழுக்கவிட்டு, ஓடிப்போய் அதன்மேல் ஏறி நிற்பதே இந்த விளையாட்டு. 1920களில் அமெரிக்காவின் லகுனா கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் சாதாரண மரப்பலகை கொண்டுதான் இதைத் தொடங்கினார்கள்.

இன்று இரண்டு வகைப் பலகைகள் உண்டு. ஒன்று மரம். மற்றது, உள்ளே நுரைப்பொருளும் வெளியே கண்ணாடி இழைப் பூச்சும் கொண்டது. பின்னது மிதக்கும், அலையை எதிர்கொண்டு போக அதுவே வேண்டும். ஆனால் அதன் விலை பல மடங்கு. கரையோரத்தில் பழகும் பிள்ளைக்கு மரமே போதும்; கீழே போட்டாலும் இலகுவில் உடையாது.

அளவில்தான் கவனம் தேவை. பலகை சிறிதானால் பாரம் தாங்காமல் சட்டென்று நின்றுவிடும். நிமிர்த்தி வைத்தால் பிள்ளையின் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் இடையே வரவேண்டும். இரண்டு அளவுக்கு நடுவே ஐயம் வந்தால் பெரியதையே எடுங்கள். வளர்கிற பிள்ளைக்குச் சட்டையைச் சற்றுப் பெரிதாகத் தைக்கும் நம் வழக்கம் இங்கும் சரிவரும்.

பழைய பலகை வாங்குவதானால் ஓரங்களைத் தடவிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், அடுக்குப் பிரிதல் இருந்தால் உள்ளே நீர் ஊறியிருக்கிறது. விலை மலிவென்றாலும் வேண்டாம். ஓடாவியிடம் செய்விப்பதானால் ஏறத்தாழ அரை அங்குலத் தடிப்புள்ள, நீர் தாங்கும் பிளைவுட் நல்லது. முன்முனை சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மணலில் குத்திப் பிள்ளையைத் தூக்கி எறியும். ஓரங்களுக்கும் சேர்த்து வார்னிஷ் பல தடவை பூசச் சொல்லுங்கள். கால் வழுக்காதிருக்க மேற்புறத்தில் மெழுகு தேய்த்தால் போதும்.

இனி, ஆபத்து. நீர் குறைவு என்பதால் விழுந்தால் மணல்தான். கை மணிக்கட்டும் கணுக்காலும் அடிபடும். பலகைமேல் துள்ளிப் பாயக்கூடாது, ஓடும் வேகத்திலேயே காலை வைக்க வேண்டும். கரை செங்குத்தாகச் சரிந்து, பேரலை நேரே மணலில் மோதி உடையும் இடம் அறவே கூடாது. அங்கே கழுத்தே முறியலாம்.

தங்கை தன் தையற் கூலியில் ஓடாவியிடம் ஒரு பலகை செய்வித்தாள். கூடவே இரண்டு நிபந்தனைகள் வைத்தாள்: முதலில் நீச்சல் பழகவேண்டும், தனியே போகக்கூடாது. மகன் இரண்டுக்கும் உடன்பட்டான்.

கடலோரத்தில் வளரும் பிள்ளையைக் கடலிலிருந்து எந்நாளும் மறைத்து வைக்க முடியாது. தாய்க்குத் தெரியாமல் இரவல் பலகையோடு போவதைவிட, தாய் பார்த்துத் தெரிந்த பலகையோடு, அவள் அறிந்த கரையில் விளையாடுவது எவ்வளவோ மேல்.