ஓரத்தில் மூன்று கேள்வி

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் கைபேசிக்கு ஓய்வு கிடையாது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்திருக்கும். பிள்ளையை ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) பள்ளியில் சேர்க்கப் பணமும் கட்டியாகியிருக்கும். "மிஸ், பையன் இங்கிலீஷ்ல தொண்ணூத்தஞ்சு. ஆனா அங்க எஸ்ஸே எஸ்ஸேன்னு பயமுறுத்துறாங்க. ரெண்டு மாசத்துல ரெடி பண்ணிடுவீங்களா?"

சென்னையில் பதினெட்டு வருடமாகக் கட்டுரை எழுதச் சொல்லித் தருகிறேன். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல இன்னும் வரவில்லை.

பயத்தில் நியாயம் இருக்கிறது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நீண்ட விடை என்பதே 120 சொல்லோடு நின்றுவிடும். ஐபி டிப்ளமோவின் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே 4,000 சொல் வரை போகும். அதற்கான கேள்வியையும் மாணவனேதான் கண்டுபிடிக்க வேண்டும். டிஓகே (தியரி ஆஃப் நாலெட்ஜ்) கட்டுரை தனியாக 1,600 சொல். ஆங்கிலத்தை உயர்நிலைப் பாடமாக எடுத்தவனுக்கு 1,200 முதல் 1,500 சொல்லில் இன்னொன்று. மொத்தம் 45 மதிப்பெண்ணில் எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயும் டிஓகேயும் சேர்ந்து தருவது மூன்றுதான். 'மூணு மார்க்குதானே' என்று அலட்சியமாக இருந்து, இரண்டில் ஒன்றில் 'இ' கிரேடு வாங்கினால் டிப்ளமோவே கிடையாது.

ஆனால் தொண்ணூற்றைந்து வாங்கிய பையனுக்குச் சொல் எண்ணிக்கை பெரிய சிக்கல் இல்லை. நீட்டச் சொன்னால் நீட்டிவிடுவான். அவனுக்கு வராதது வேறு. போன வருடம் ஒருவனிடம் பழைய சலவைத்தூள் விளம்பரம் ஒன்றைக் கொடுத்து எழுதச் சொன்னேன். 'இந்த விளம்பரம் வாசகரைப் பெரிதும் கவர்கிறது, வண்ணங்களும் சொற்களும் திறமையாகக் கையாளப்பட்டுள்ளன' என்று ஒரு பக்கம் எழுதினான். எந்த விளம்பரத்துக்கும் பொருந்தும் ஒரு பக்கம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "படத்துல என்ன இருக்கு, சும்மா சொல்லு" என்றேன். "சட்டை இருக்கு. அப்பா இருக்காரு. பையன் இருக்கான். அம்மா..." நிறுத்தினான். "அம்மா கை மட்டும்தான் மிஸ் இருக்கு. மூஞ்சியே இல்ல." அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதலாமா?" என்றான்.

பத்து வருடம் 'பாயிண்ட்' எழுதிப் பழகியவன் அவன். கண்ணில் பட்டதை எழுதலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அனுமதி கைக்கு வந்து சேரவே இரண்டு மாதம் ஆகும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

ஏழெட்டு வருடம் முன் நானே ஒரு தப்பு செய்தேன். பொருளாதாரத்தில் எக்ஸ்டெண்டட் எஸ்ஸே எழுதிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். தெருமுனையில் சூப்பர் மார்க்கெட் வந்த பிறகும் பழைய காய்கறிக் கடைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பது அவள் கேள்வி. 'கீரைக்காரம்மாவிடம் கடன் சொல்லலாம், அங்கே சொல்ல முடியாது' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள். எனக்கு அது குழந்தைத்தனமாகப் பட்டது. அடித்துவிட்டு, வாடிக்கையாளர் விசுவாசம் விலையைக் கடந்தது என்கிற மாதிரி ஒரு வழுவழுப்பான ஆங்கில வாக்கியத்தை நானே மேலே எழுதினேன். பள்ளியில் இடைச் சந்திப்பின்போது அவளுடைய சூப்பர்வைசர் சரியாக அந்த இடத்தில் விரல் வைத்து, "இதை விளக்கு" என்றாராம். அவளுக்கு வார்த்தை வரவில்லை. மறுநாள் வந்து சொன்னாள்: "மிஸ், அது உங்க வரி."

அவள் எழுதியிருந்ததுதான் பொருளாதாரம். கடன் கொடுப்பது ஒரு சேவை. சூப்பர் மார்க்கெட் விற்காத ஒன்றைக் கீரைக்காரம்மா விற்கிறாள். நான் போட்டது வெறும் பூச்சு. பழைய வரியைத் திரும்ப எழுத வைத்தேன். அன்றோடு சிவப்புப் பேனாவை விட்டு பென்சிலுக்கு மாறினேன். ஒரு பக்கத்துக்கு ஓரத்தில் மூன்று குறிப்பு, மூன்றும் கேள்வியாக இருக்க வேண்டும் என்று எனக்கே ஒரு கட்டுப்பாடு. யார்? எப்படித் தெரியும்? எல்லாருமா? இவ்வளவுதான் பெரும்பாலும்.

சாட்ஜிபிடி வந்த பிறகு, 2023-இல், ஐபி அதைத் தடை செய்யவில்லை. அதிலிருந்து எடுத்தால் எடுத்ததாகக் காட்டிவிடு என்றது. என் வரியை அந்தப் பெண் எந்த அடிக்குறிப்பில் காட்டியிருப்பாள்?

ஆகவே ஆசிரியர் தேடி வரும் பெற்றோருக்கு நான் சொல்வது இது. எத்தனை பேர் ஐபியின் உச்ச கிரேடான ஏழு வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் யாரிடம் போனாலும் வாங்குவார்கள். 'நீங்க திருத்தின தாள் ஒண்ணு காட்டுங்க' என்று கேளுங்கள். பேரை மறைத்துக் காட்டட்டும். தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் கட்டுரை யாருடையது என்று யோசியுங்கள். 'குட்', 'வெரி குட்' மட்டும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். அதே கட்டுரையின் இரண்டாவது, மூன்றாவது பிரதியையும் கேளுங்கள். வாரம் ஒரு புதுத் தலைப்பு கொடுப்பது சுலபம். ஒரே கட்டுரையை மூன்று தரம் எழுத வைத்து, பிள்ளையின் முணுமுணுப்பையும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். மாதிரி வகுப்பு நடக்கும்போது வெளியே உட்கார்ந்து, உள்ளே யார் குரல் அதிகம் கேட்கிறது என்று கவனியுங்கள். எம்.ஏ. இலக்கியமா, வெளிநாட்டுப் படிப்பா என்பதெல்லாம் அப்புறம்.

ஆசிரியராக இருக்கத் தகாதவர்களை நான்கு பொருள்களுக்கு ஒப்பிடுகிறது பவணந்தியாரின் நன்னூல்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காயைப் போட்ட வரிசையில் திருப்பித் தராமல் கலகலவென்று கொட்டுகிற குடத்தை எங்கள் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாணவனுக்குப் பதில் தானே எழுதித் தருகிறவனுக்குப் பவணந்தியார் உவமை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒருவன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

சலவைத்தூள் பையனின் அப்பா மூன்றாவது வாரம் வந்தார். கணக்காளர். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பென்சில் எழுத்து என்பதால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "பக்கத்துக்கு மூணு கேள்வி. அதுக்கா மிஸ் இவ்ளோ ஃபீஸ்?"

"ஆமா சார்" என்றேன். "முப்பது கேட்கத் தோணும். இருபத்தேழை விட்டதுக்குத்தான் ஃபீஸ்."

அவர் சிரிக்கவில்லை. அந்த மாதப் பணத்தை மட்டும் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.