எண்ணிப் பார்த்தோம்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் வெயிலைப் பற்றியன்றி வேறு பேச்சு எழுவதில்லை. வைகை மணலாகிக் கிடக்கும். கண்மாய்கள் வெடிப்புக் காணும். பிள்ளைகள் விடுமுறைக்கு நாள் எண்ணுவார்கள். மூன்று கோடைகளுக்கு முன் இத்தகைய நாளொன்றில், குடையும் குறிப்பேடும் தண்ணீர்ப் புட்டியுமாக, முதியவர் இருவரும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியும் காலையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டோம். "இவ்வளவு காலையில் எங்கே பயணம்?" என்று அண்டை வீட்டார் வினவினர். "வண்ணத்துப்பூச்சி எண்ணப் போகிறோம்" என்றோம். அவர்கள் சிரித்துவிட்டு உள்ளே சென்றனர். குறை சொல்வதற்கில்லை, எங்களுக்கே அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இவ்வழக்கம் எங்களுக்கு வாய்த்தது பேத்தியால். விடுமுறைக்கு வந்திருந்த அவள், கொல்லைப்புறத்தில் அரை நாள் சுற்றிவிட்டு வந்து, "அம்மாச்சி, எலுமிச்சை மரம் இருக்கு, கறிவேப்பிலை இருக்கு, பட்டாம்பூச்சி மட்டும் ஏன் ஒண்ணுகூட இல்ல?" என்று கேட்டாள். "வெயில் காலமல்லவா, மழை பெய்தால் வரும்" என்று சொல்லி அனுப்பினோம். குழந்தையின் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது. உண்மையான விடைதானா என்று நாங்கள் ஆராயவில்லை. அவள் விடவில்லை. "அப்படின்னா வேற எங்க இருக்குன்னு போய்ப் பார்ப்போம்" என்றாள்.

நாங்கள் தேர்ந்துகொண்ட பாதை, நகருக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர்மலை அடிவாரத்தில் உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் உருவங்களைக் காண மக்கள் வரும் இடம் அது. அங்குள்ள ஆலமரங்களையும் தாமரைக் குளத்தையும் மதுரைக்காரர் பலரும் அறிவர். ஆலமரத்தடியில் தொடங்கி, வயல் வரப்பு வழியாகக் கண்மாய்க் கரை வரை ஒரு கிலோமீட்டர் அளவு நடப்பது எங்கள் வழக்கம்.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. கண்ட இடமெல்லாம் ஓடி எண்ணினால் அது கணக்காகாது. ஒரே பாதை, ஒரே வேகம், வாரம் ஒரு நாள், வெயில் ஏறிப் பூச்சிகள் சிறகு விரித்துச் சூடேற்றிக்கொண்ட பின்னர் ஒரு குறித்த நேரம். நடப்பவருக்கு முன்னால் ஐந்து மீட்டர், இரு புறமும் சேர்த்து ஐந்து மீட்டர். இவ்வெல்லைக்குள் வருவதை மட்டுமே எழுத வேண்டும். கடந்து போனதைத் திரும்பிப் பார்த்து எண்ணலாகாது. இது நாங்கள் கண்டுபிடித்ததன்று. எர்னி பொல்லார்ட் என்னும் ஆங்கில அறிஞர் வகுத்த முறை இது. 1976 முதல் பிரிட்டனில் இம்முறையில் ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் வரை வாரந்தோறும் எண்ணி வருகின்றனர். எண்ணுவோரில் மிகப் பலர் நம்மைப் போன்ற சாதாரண மனிதரே. 2010 முதல் அங்கு இன்னும் எளிய கணக்கு ஒன்றும் நடைபெறுகிறது: கோடையில் ஏதேனும் ஓரிடத்தில் 15 நிமிடம் அமர்ந்து, கண்டதை எண்ணி எழுதுவது. நம் நாட்டிலும் 2020 முதல் செப்டம்பர் மாதத்தை வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டு ஆர்வலர்கள் கணக்கெடுக்கின்றனர்.

முதல் நாள் எங்கள் கண்ணுக்கு எல்லாம் மஞ்சள், எல்லாம் வெள்ளை, எல்லாம் பழுப்பு. பெயர் தெரியாத வரையில் கண் எதையும் பிரித்துக் காண்பதில்லை. படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிச் சிலவற்றின் பெயரைக் கற்றோம். வெந்தய நிறச் சிறகும் கருநிறக் கரையும் உடையது வெந்தய வரியன். கருமையில் நீலத் தீற்றல் கொண்டது நீல வரியன். கரும்பழுப்புச் சிறகின் ஓரத்தில் வெண்பொட்டுகள் வைத்தது வெண்புள்ளிக் கருப்பன். 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பெற்ற தமிழ் மறவனையும் காண வேண்டுமென்று பேத்தி அடம்பிடித்தாள். அது மலைக்காட்டுக்கு உரியது, நம் சமவெளிப் பாதையில் எதிர்பார்ப்பதற்கில்லை என்று தேற்றினோம்.

இரண்டாம் வாரம் ஓர் உண்மை புலப்பட்டது. பூச்சியைத் தேடுவதைவிடச் செடியைத் தேடுவதே மேல். பூவில் தேன் உண்ணும்போது பெரும்பாலானவை இன்ன பூ என்று பார்ப்பதில்லை. முட்டையிடும்போதோ, பிறக்கும் புழு உண்ணக்கூடிய செடியைத் தேர்ந்தே இடுகின்றன. வெந்தய வரியனுக்கு எருக்கு. வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளியும் ஆல், அத்தி வகை மரங்களும். கொன்னை வெள்ளையன் முதலியவற்றுக்குக் கொன்றை, ஆவாரை இனங்கள். பயனற்றது என்று நாம் ஒதுக்கும் எருக்கஞ்செடி ஒன்றைப் புரட்டிப் பார்த்தோம். கறுப்பும் வெள்ளையும் மஞ்சளும் மாறி மாறிப் பட்டையிட்ட புழு ஒன்று, மூன்று இணைக் கறுப்பு இழைகள் முதுகில் நீட்டி நிற்க, இலையை அமைதியாகத் தின்றுகொண்டிருந்தது. எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடலில் தங்கிவிடுகிறது. ஆதலால் பறவைகள் அதனைத் தொடுவதில்லை.

இந்த நஞ்சின் பெயரால் நாங்கள் ஏமாந்த கதையும் உண்டு. ஒரு நாள் வெந்தய வரியன் 11 என்று எழுதி முடித்தோம். பேத்தி மட்டும் ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதோட பின்சிறகு நடுவுல அந்தக் கறுப்புப் புள்ளிகள் இல்ல" என்றாள். புத்தகத்தைப் பார்த்தோம். அது வேறோர் இனத்தின் பெண்பூச்சி. அதன் புழு பசலி போன்ற கீரைகளை உண்டு வளர்வது. அதற்கு எருக்கின் நஞ்சு இல்லை. நஞ்சுள்ளதன் உடையை அணிந்துகொண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது. ஆண்பூச்சியோ கறுப்பில் வெண்பொட்டுகளுடன் முற்றிலும் வேறு தோற்றம் உடையது. 11 என்பதை அடித்து 10 என்று திருத்தினோம். எழுபதை நெருங்கும் எங்களுக்குத் தவற்றைத் திருத்தி எழுதுவது எவ்வளவு இலேசான காரியம் என்று அன்று தெரிந்தது.

கண்மாய்க் கரையில் நாள்தோறும் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் எங்கள் செய்கையைக் கவனித்து வந்தார். ஒரு நாள் அருகில் வந்து, "என்னய்யா எழுதுறீங்க? இத எண்ணி என்ன ஆகப்போகுது?" என்றார். "நீங்கள் மாலையில் பட்டி அடைக்கும்போது ஆடுகளை எண்ணுவதில்லையா?" என்று கேட்டோம். அவர் சற்றே யோசித்தார். "எண்ணாம எப்படிங்கய்யா? எண்ணுனாத்தானே எது வரலன்னு தெரியும்?" என்றார். பிறகு எங்களைக் காணும்போதெல்லாம், "இன்னைக்கு எது வரல?" என்றே கேட்பார். எத்தனை வந்தன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் கேள்விக்கு விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. கீழக்குயில்குடிப் பாதைக்கு ஒரு பக்கமும், எங்கள் கொல்லைப்புறத்துக்கு ஒரு பக்கமுமாகக் குறிப்பேட்டைப் பிரித்திருந்தோம். கொல்லைப்புறத்தில் 15 நிமிடம் அமர்ந்து எண்ணுவோம். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகிய இரண்டுக்கும் நேராக நான்கு வாரமும் ஒன்றும் இல்லை. "காணாததை எழுதுவானேன், விட்டுவிடு" என்றோம். "இல்ல தாத்தா, 0 போடணும். சும்மா விட்டா நாம பார்க்கலன்னு அர்த்தம், 0 போட்டா, பார்த்தோம், அது இல்லன்னு அர்த்தம்" என்று கூறி, வட்டமாக நான்கு 0 போட்டு வைத்தாள்.

ஐந்தாம் வாரம் அவள் எலுமிச்சைத் தளிரைப் புரட்டிவிட்டு எங்களை அழைத்தாள். இலைமேல் பறவை எச்சம் போல ஒன்று கிடந்தது. பார்த்திருக்கையிலேயே அது நகர்ந்தது. எங்கள் கை, பழக்கத்தால், பின்சுவரில் தொங்கிய மருந்து தெளிப்பானை எடுக்கப் போயிற்று. "அது எதுக்கு அம்மாச்சி?" என்றாள். "தளிரையெல்லாம் தின்றுவிடும் புழு, அம்மா. வந்தவுடன் தெளித்துவிட வேண்டும்" என்றோம். அவள் ஒன்றும் சொல்லாமல் படப் புத்தகத்தைக் கொண்டு வந்து ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினாள். பறவை எச்சம் போன்ற அதே புழு. அதற்குப் பக்கத்தில் மஞ்சளும் கறுப்பும் இழைத்த சிறகுடன் எலுமிச்சை அழகி.

எத்தனையோ ஆண்டுகளாகத் தளிர் விடும்போதெல்லாம் நாங்கள் தெளித்து வந்திருக்கிறோம். கறிவேப்பிலைக்கும் அதே மருந்துதான். மாலையில் அம்மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, "அந்தக் காலத்தில் எத்தனை பட்டாம்பூச்சிகள்! இப்போது காலம் கெட்டுவிட்டது" என்று நாங்கள் பேசிக்கொண்டதும் உண்டு. காலத்தின்மேல் பழியைப் போட்டோம். தெளிப்பானோ எங்கள் சுவரில் தொங்கியது. வெயில் என்று குழந்தைக்கு நாங்கள் சொன்ன விடை எத்தகையது என்று அப்போது விளங்கிற்று. அவள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

தெளிப்பானை அன்றே அப்புறப்படுத்தினோம். புழு வளர்ந்து பச்சை நிறம் கொண்டது. தொட்டால் தலைப்புறத்திலிருந்து செந்நிறக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டி, நாற்றத்தால் விரட்டிற்று. பிறகு காம்பில் பட்டிழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. அதற்குள் பேத்தி ஊர் திரும்பிவிட்டாள். பத்து நாளளவில் ஒரு காலை, கூடு கிழிந்து, ஈரச் சிறகு தொங்க ஒரு பூச்சி வெளிவந்தது. சிறகு உலர்ந்ததும் மதிற்சுவர் தாண்டிப் பறந்தது. தொலைபேசியில் அவளிடம் சொன்னோம். "1 எழுதிட்டீங்களா?" என்பதே அவள் முதற்கேள்வி. அந்தக் கோடையில் கறிவேப்பிலையைப் புழுக்கள் மொட்டையடித்தன. சில வாரம் கடையில் வாங்கினோம். பிறகு மரம் தானே தழைத்தது. எங்களுக்கு நேர்ந்த இழப்பு அவ்வளவே.

எண்ணிக்கை எப்போதும் இப்படி மகிழ்ச்சி தரும் என்பதற்கில்லை. கோடை மழை பெய்த மறுநாள், ஈர மண்ணில் வெள்ளைப் பூச்சிகள் கூட்டமாக அமர்ந்து உப்பு நீரை உறிஞ்சும் காட்சியைக் கண்டிருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழை தொடங்குமுன் நீல வரியனும் கருப்பனும் சமவெளி நோக்கி இறங்குவதுண்டு. ஒரு வைகாசிக் காலையில் எண்ணி முடியாதபடி அவை எங்கள் தலைக்குமேல் சென்றன. ஆயினும் சென்ற கோடையில், கண்மாய்க் கரையின் ஒரு பகுதியிலிருந்த ஆவாரஞ்செடிகளை யாரோ இயந்திரத்தால் வழித்தெடுத்துவிட்டனர். அந்தத் துண்டுக்கு நேராக வெள்ளைப் பூச்சிகளின் இடத்தில் 0 எழுத நேர்ந்தது. "இன்னைக்கு எது வரல?" என்ற பெரியவரிடம் அதைச் சொன்னோம். அவர் வெறுங்கரையைப் பார்த்தபடி நின்றார்.

அந்த 0 வீணென்று நாங்கள் கருதவில்லை. பிரிட்டனில் 2022-இல் வெளியான அறிக்கை, 1970-களுக்குப் பின் அந்நாட்டு வண்ணத்துப்பூச்சி இனங்களில் 80 விழுக்காடு, தொகையிலோ பரப்பிலோ குறைந்துவிட்டதைக் காட்டிற்று. அரை நூற்றாண்டு எழுதி வைத்திருந்ததனால்தான் அதைச் சொல்ல முடிந்தது. நம் மதுரை மாவட்டத்திலேயே சான்று உண்டு. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் அடங்கிய 193 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், ஏறத்தாழ 250 பறவையினங்கள் என்று அவ்வூரின் செல்வம் எண்ணி எழுதப்பட்டிருந்தது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க நிலம் ஏலம் விடப்பட்டபோது ஊர் மக்கள் திரண்டு எழுந்தனர். 2025 சனவரி 23-ஆம் நாள் மத்திய அரசு அந்த ஏலத்தை இரத்துச் செய்தது. வென்றது மக்களின் உறுதி. அவர்கள் கையில் அந்தப் பட்டியலும் ஒரு சாட்சியாக இருந்தது.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில், 1895-இல் இயேசு சபையார் நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சிகள் கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். அக்காலத்தில் கற்க விரும்பியோர் பிடித்து, ஊசி குத்தி, பெயர் எழுதினர். அந்த உழைப்பாலேயே நமக்குப் பெயர்கள் தெரிந்தன. இன்று நமக்கு வலையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். ஒரு பென்சில் போதும்.

இக்கோடையிலும் பேத்தி வருகிறாள். குறிப்பேட்டுக்குப் புது அட்டை போட்டு வைத்திருக்கிறோம். இதைப் படிக்கும் இல்லத்தார் எங்களுடன் கீழக்குயில்குடிக்கு வர வேண்டுமென்பதில்லை. நாளைக் காலை உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைத் தளிரை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம் போல ஏதேனும் தென்பட்டால், கையில் எடுத்த மருந்தைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளையை அழைத்துக் காட்டுங்கள். ஒன்றும் தென்படாவிட்டாலும் ஒரு தாளில் அன்றைய தேதியிட்டு 0 என்று எழுதி வையுங்கள். எங்கள் கணக்கும் அப்படித்தான் தொடங்கிற்று.